புன்னை எண்ணெயும் நான் வெட்டிய வரியும்

செவ்வாய்க்கிழமை காலை ஒரு போன். நாசரேத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர். இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவராம்.

"அண்ணாச்சி, போன வாரம் எழுதியிருந்தியளே, புன்னை எண்ணெயில செஞ்ச நானோ மருந்து... அது எங்கன கெடைக்கும்? எம் மவளுக்கு மூஞ்சில தேமல். தடவுனா போயிருமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்தா? நான் அப்படியா எழுதினேன்?

போன வாரப் பத்தியைப் படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் ஒரு கல்லூரி ஆய்வகம். வேம்பாரைச் சேர்ந்த ஜான்சி அங்கே ஆராய்ச்சி மாணவி. நானோ படிகங்கள் செய்கிறார் — கண்ணுக்கே தெரியாத பொடிசுகள், புற ஊதா விளக்கைக் காட்டினால் ஆரஞ்சு நிறத்தில் ஜொலிக்கும். வழக்கமாக இதற்குப் பெட்ரோலியத்திலிருந்து வரும் ரசாயனங்கள் வேண்டும். ஜான்சி அவற்றை ஒதுக்கிவிட்டுப் புன்னை எண்ணெயிலிருந்து பிரித்த கொழுப்பு அமிலத்தைப் பயன்படுத்துகிறார். இடியாப்ப மாவில் எண்ணெய் விடுகிறோமே, அந்த மாதிரி படிகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும்.

நான் எழுதியது? 'முழுக்க முழுக்க இயற்கை. கைக்குழந்தையிடம்கூடக் கொடுக்கலாம்!'

படிகத்துக்குள் இருப்பது காட்மியம் என்ற நச்சு உலோகம். "செய்யுத முறையிலதான் சார் கெடுதி குறைவு. உள்ள இருக்கது விஷந்தான்" என்று ஜான்சி தெளிவாகச் சொன்னார். பத்தியின் அழகு கெடுமே என்று நான்தான் அந்த வரியை வெட்டினேன்.

'இயற்கை' என்று ஒரு வார்த்தை கிடைத்துவிட்டால் நமக்கு வேறு எதுவும் காதில் விழாது. அரளி விதைகூட இயற்கைதானே ஐயா!

கடைக்காரரிடம், "ஐயோ, விஷம் அண்ணாச்சி, தேடிப் போயிராதீங்க" என்று கத்திவிட்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். ஜான்சி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போக அனுமதி இல்லை. 'விஷத்தைக் குழந்தைக்குக் கொடுக்கலாம்னு பேட்டி கொடுப்பியா?' என்று அவருக்கு வழிகாட்டும் பேராசிரியர் ஆராய்ச்சியையே நிறுத்தி வைத்துவிட்டார்.

"நான்தான் சரியா வெளக்கலைன்னு சொல்லிட்டேன் சார்."

"ஏம்மா? என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டியதுதானே?"

"நீங்க எழுதுனத எங்கம்மா ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கு சார். தெருவே வந்து பாத்துட்டுப் போவுது. அது பொய்யினு நான் எப்படிச் சொல்லுவேன்?"

கூனிக் குறுகிப் போனேன். பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அச்சுல வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார் அவர்.

இதோ, அச்சில் சொல்கிறேன். ஜான்சி சொன்னது அத்தனையும் சரி. தப்பாக எழுதியது நான்.

வேம்பார் அம்மா... அந்த ஃப்ரேமில் இருப்பதை எடுத்துவிட்டு இதை மாட்டுங்கள். உங்கள் பெண்ணைப் பற்றி நான் எழுதிய உண்மை இதுதான்.