கண்ணாயிரத்தின் காரில் சீறிய பாம்பு

ஆனந்தம்மாள் என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் ஓரகத்தியின் தங்கை மகளுக்குப் பரிசம் போட பிரம்மதேசத்திலிருந்து மரக்காணம் போன அன்று. உப்பளப் பாதை திரும்பும் இடத்தில் வேன் டயர் போய்விட்டது. வண்டி ஓட்டினவன் பாலகுரு, ஓரகத்திக்குத் தம்பி மகன். ரோட்டோரக் கடையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பஞ்சர் ஒட்ட ஆம்பள யாரும் இல்ல அத்தை, ஆனந்தம்மாள்னு ஒரு அம்மாதான் இருக்குது" என்றான். வேனுக்குள் இருந்த ஆண்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் ஜாக்கியோடு வந்து நின்றாள்.

"சிரிக்கிறவங்க எல்லாம் எறங்குங்க. பாரம் கொறைஞ்சாதான் வண்டி தூக்கும்."

மாமன் முறை, சித்தப்பன் முறை எல்லாம் வரிசையாக இறங்கி வெயிலில் நின்றது.

கடை அவள் அப்பாவுடையது. கூடப் பிறந்தவர்கள் இல்லை, அதனால் இவள் கைக்கு வந்தது. கட்டினவர் இருதயநாதன் கடலுக்குப் போகிறவர். மாதா கோயில் பூசையில்கூட அவள் நகத்தில் கிரீஸ் இருக்கும்.

பிறகு பாலகுரு, உப்பள முதலாளி கண்ணாயிரத்திடம் கார் ஓட்டப் போனான். டீசல் கார், புதுசு. அதை நிறுத்த உப்பள வரப்போரம் இருந்த வேப்பமரத்தை வெட்டி, மரத்தடிப் புற்றையும் மட்டமாக்கி, தகரக் கொட்டகை போட்டார் கண்ணாயிரம். அந்த ஒரு மரத்தடியில்தான் உப்பு வாருகிற பெண்கள் உட்கார்ந்து கஞ்சி குடிப்பார்கள். என் சின்ன நாத்தனார் வேலம்மாளும் அதில் ஒருத்தி. மரம் போனதும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் குடித்தார்கள். கொட்டகை ஓரமாவது உட்கார்ந்துகொள்கிறோம் என்று கேட்டதற்கு, "காருக்கு எடைஞ்சலா இருக்கும்மா" என்றுவிட்டார். ஆனந்தம்மாள் கடையில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் வேலம்மாள் இதைச் சொல்லிப் புலம்புவாள்.

வருஷம் திரும்புவதற்குள் கார் சீற ஆரம்பித்தது. நிற்கும்போது சத்தமே இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும் புஸ்ஸென்று சீறும், காலை எடுத்தால் அடங்கிவிடும். மெக்கானிக் ஒருவரிடம் காட்டினார்கள். அவர் நிறுத்திவைத்தே கேட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். அந்நிய ஆளைக் கண்டால் அடங்கிக்கொள்கிறது என்றால் அது புற்றிலிருந்த பாம்புதான் என்று கண்ணாயிரத்தின் சம்சாரம் ஆண்டாள் முடிவு கட்டினாள். வெள்ளிக்கிழமை பானெட்டைத் திறந்து எஞ்சின் மேலேயே பாலை ஊற்றி, ஒரு முட்டையையும் வைத்தாள். வண்டி கீழ்புத்துப்பட்டு போவதற்குள் பால் தீய்ந்து, முட்டை வெந்து வெடித்தது. சீறல் மட்டும் நிற்கவில்லை.

நாற்றம் தாங்காமல் பாலகுரு வண்டியைக் கழுவ ஆனந்தம்மாள் கடையில் நிறுத்தினான். பின்சீட்டிலிருந்து இறங்கிய கண்ணாயிரம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார்.

அவள் பாலகுருவோடு காரில் ஒரு நடை போய் வந்தாள். "மிதிக்கறப்ப மட்டும் கத்துதுன்னா, மிதிக்கறப்ப மட்டும் காத்து போவுது. இதுக்குப் போய் முட்டையா?" என்று அவன் காதில் சொன்னாள். எஞ்சினை ஆற விட்டு, அமுக்கின காற்றை எஞ்சினுக்குள் கொண்டுபோகிற கருப்பு ரப்பர் ஓஸின் ஒரு முனையை அடைத்து, மறுமுனை வழியாகக் கம்ப்ரஸரிலிருந்து கொஞ்சமாகக் காற்று விட்டாள். பஞ்சர் பார்க்கிற சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவினாள். ஓஸின் அடிப்பக்கம் கொப்புளம் கொப்புளமாக நுரை கிளம்பியது. அங்கே கிளாம்ப் துருவேறி இற்றுப்போய், அதன் அடியில் ரப்பர் கிழிந்திருந்தது.

பார்த்தாள். துணியால் நுரையைத் துடைத்தாள். பானெட்டைச் சாத்தினாள்.

"உள்ள இருக்குதா?" என்று தூரத்திலிருந்தே கேட்டார் கண்ணாயிரம்.

"நான் பாம்புன்னு சொல்லலீங்க. ஆனா இது சீறுறதுக்கு உங்க கொட்டகைதான் காரணம். அங்கயே வண்டி நின்னுச்சுன்னா, நான் சரி பண்ணிக் குடுத்தாலும் மறுபடியும் சீறும்."

அவர் முகம் உப்புப் பாத்தி மாதிரி வெளுத்தது. "நீ ஒரு சிலுவை போட்டு அனுப்பிட முடியாதா?"

"உங்க பக்கத்துச் சமாச்சாரத்துக்கு எங்க மாதாவ எதுக்குங்க இழுக்கணும்?"

"அப்ப கொட்டகைய இடிச்சிடட்டுமா?"

"இடிக்காதீங்க. யார் நிழல எடுத்தீங்களோ அவங்ககிட்ட குடுத்துடுங்க. வண்டிய ஊருக்குள்ள வீட்டாண்ட நிறுத்துங்க."

பாலகுரு டயருக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடினான். சிரிப்பை மறைக்கத்தான்.

மறுநாள் காலையிலேயே கொட்டகை காலி. அதை வேலம்மாள் வந்து சொன்ன பிறகுதான் ஆனந்தம்மாள் பாலகுருவைப் புதுச்சேரிக்கு அனுப்பி புது ஓஸ் வாங்கிவரச் சொன்னாள். எவர்சில்வர் கிளாம்ப் போட்டு முடுக்கினாள். கார் பிரம்மதேசம் வரை பூனை மாதிரி போய் வந்தது.

"பொய் சொல்லிட்டியேடி" என்று வேலம்மாள் கேட்டாளாம்.

"எது பொய், அக்கா? ராவும் பகலும் உப்புக்காத்துல நின்னா எந்த இரும்புதான் தாங்கும்? கொட்டகைதானே காரணம்?"

ஆண்டாளுக்கு மட்டும் பயம் விடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கொட்டகைக்கு ஒரு சொம்பு பால் அனுப்புகிறாள். அந்தப் பெண்கள் அதில் டீ போட்டுக் குடிக்கிறார்கள்.

ஆனந்தம்மாள் இப்போதும் உப்பளப் பாதை திரும்பும் இடத்தில் அதே கடையில்தான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை டீக்கு மட்டும் கடையைச் சாத்திவிட்டுக் கொட்டகைக்குப் போகிறாள்.