நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் அவளுக்குக் கஞ்சி என்று பெயர். குடிக்கிற கஞ்சி இல்லை, துணிக்குப் போடுகிற கஞ்சி. ஐம்பத்தைந்து வயதிலும் முதுகு வளையாது, முகத்தில் சிரிப்பு வராது. காலையில் யாராவது தெரியாத்தனமாக "நல்லா இருக்கீங்களா அக்கா" என்று கேட்டுவிட்டால், "ஏன், நல்லா இல்லாம போகணும்னு பாக்கறியா" என்பாள். கேட்டவர் மறுநாள் பின்கதவு வழியாக உள்ளே வருவார்.

அவளுக்கு எதிரே நின்று வேலை செய்தவளுக்கு ஸ்கேல் என்று பெயர். பெட்ஷீட்டின் ஓரம் ஓரத்தோடு நூல் பிசகாமல் சேர வேண்டும் அவளுக்கு. பிசகினால் மறுபடியும் உதற வேண்டியதுதான். கஞ்சியைவிட நான்கு வயது மூத்தவள், ஒல்லி, அதிகம் பேசாதவள். பேசினால் ஒவ்வொரு வார்த்தையையும் அளந்துதான் வெளியே விடுவாள்.

கட்டில் பெட்ஷீட்டை ஒருத்தியால் மடிக்க முடியாது. டிரையரிலிருந்து சுடச்சுட வந்து விழுகிற குவியலில் ஒன்றை உருவி, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, விலகிப் போய், ஒரே நேரத்தில் உதற வேண்டும். நீளவாக்கில் இரண்டு மடிப்பு. பிறகு இரண்டு பேரும் எதிர் எதிராக நடந்து வந்து, விரலோடு விரல் பட, ஒருத்தி தன் முனைகளை இன்னொருத்தியிடம் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு பெட்ஷீட் என்றால் முந்நூறு தடவை ஒருத்தி மூச்சுக்காற்று இன்னொருத்தி முகத்தில் படும். புருஷன் பெண்டாட்டிகூட இவ்வளவு தடவை நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதில்லை. கஞ்சியும் ஸ்கேலும் இப்படிப் பதினொரு வருடம் மடித்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல்.

பேச்சுத்தான் நின்றதே தவிர, சண்டை நிற்கவில்லை. அது பெட்ஷீட் வழியாக நடந்தது. கஞ்சி வேண்டுமென்றே வெடுக்கென்று இழுப்பாள், ஸ்கேல் ஒரு எட்டு தடுமாறி முன்னால் வருவாள். அடுத்த பெட்ஷீட்டில் ஸ்கேல் ஒரு நொடி முந்தி உதறுவாள், சூடான துணி கஞ்சியின் தாடையில் வந்து அறையும். பொழுது போகாத நாட்களில் டிரையர் பக்கத்தில் நிற்கிறவர்கள் யார் கை ஓங்கியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் மற்ற ஜோடிகள் இருநூறு மடிக்கிற நேரத்தில் இந்த ஜோடி முந்நூறு மடித்தது. அதனால் எந்தச் சூப்பர்வைசரும் இவர்களைப் பிரிக்கவில்லை.

பகைக்குக் காரணம் இரண்டு கிழிந்த பெட்ஷீட். பதினொரு வருடத்துக்கு முன்னால் கஞ்சியின் கணவர் படுத்த படுக்கையானார். வீட்டில் எத்தனை துணி இருந்தாலும் போதவில்லை. சலவைக்கூடத்தின் மூலையில், தரை துடைக்கிற துணியாகக் கிழிப்பதற்கென்று நைந்துபோன பெட்ஷீட்டுகள் கிடந்தன. கஞ்சி இரண்டை எடுத்துச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு போனாள். ஸ்கேல் அப்போதிருந்த சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள். மூன்று நாள் வேலைக்கு வரக்கூடாது என்றார்கள், கஞ்சியின் பெயரை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒரு வாரம் குத்தி வைத்தார்கள். அந்தத் தாளில் திருட்டு என்ற சொல் இல்லை. படித்தவர்கள் கண்ணில் இருந்தது.

அன்றிலிருந்து கஞ்சி ஒரே ஒரு நாளுக்காகக் காத்திருந்தாள். யார் ஓய்வு பெற்றாலும் சலவைக்கூடத்தில் மெஷின்களை அரை மணி நேரம் நிறுத்தி, எல்லோரையும் டீ அறையில் உட்கார வைத்து, கூட வேலை பார்த்தவர்களைப் பேசச் சொல்வார்கள். யாரும் தடுக்க முடியாது. ஸ்கேல் ஓய்வு பெறுகிற அன்று, அவளை நடுவில் உட்கார வைத்து, அத்தனை பேர் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். வேறு எந்த ஆசையும் அந்த மனுஷிக்கு மிச்சமில்லை.

கேள்விகள் முதலில் இருபது இருந்தன. பஸ்ஸில் போகும்போதும், பாத்திரம் கழுவும்போதும், பல் தேய்க்கும்போதும் சொல்லிப் பார்த்து, சொத்தையான கேள்விகளைக் கழித்துக் கழித்து நாலுக்குக் கொண்டுவந்தாள். "நீ" என்று கேட்பதா "நீங்க" என்று கேட்பதா என்பதிலேயே இரண்டு வருடம் போயிற்று. "நீங்க" என்றால் குத்தல் அதிகம், "நீ" என்றால் வலி அதிகம். கடைசியில் "நீ" என்று முடிவானது. ஒத்திகையில் ஸ்கேல் எப்போதும் தலையைக் குனிந்துகொள்வாள். பதில் சொல்ல வாய் வராது. எல்லோரும் அவளையே பார்ப்பார்கள். அந்த இடம் வரும்போது கஞ்சிக்கு வயிறு குளிர்ந்துவிடும்.

ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை கஞ்சி முதல் பெட்ஷீட்டை உருவி, தன் பக்கத்து இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி எட்டு பத்து ஆயிற்று. ஸ்கேல் ஒரு நிமிடம்கூடத் தாமதமாக வந்தவள் இல்லை. சூப்பர்வைசர் வந்தார்.

"அக்கா, அதக் கீழ வைங்க."

"எதுக்கு?"

"அவங்க வர மாட்டாங்க. நேத்து மத்தியானம் கடைக்குப் போயிட்டு வந்து நாற்காலில உக்காந்தாங்களாம். அவ்வளவுதான். எழுந்திருக்கல."

கஞ்சி பெட்ஷீட்டைக் கீழே வைக்கவில்லை.

"அஞ்சு மாசம் பொறுக்க முடியலையா அவளுக்கு?" என்றாள்.

"மனுஷியா இவ" என்று பின்னால் யாரோ சொன்னது நன்றாகக் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னார்கள்.

அவளை மனுஷியில்லை என்று சொல்ல அவர்களிடம் பழைய சாட்சியும் இருந்தது. கணவர் இறந்தபோது அவள் அழவில்லை. எட்டு வருடமாகிறது, இன்னும் அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? மூன்று வருடம் அவரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டி, திட்டி, அவரும் திரும்பத் திட்டி, ஒரு நாள் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, இவள் "போதும், சும்மா கெடங்க" என்று சொல்லி, எல்லாம் முடிந்திருந்தது. கடைசி நாளில் இரண்டு பேருக்கும் சொல்ல எதுவும் பாக்கி இல்லை. அழுகை அந்த மூன்று வருடத்தில் சொட்டுச் சொட்டாகப் போய்விட்டது.

இவர்கள் அழுத அழகைத்தான் அவள் போன மாதம் பார்த்தாளே. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் இறந்தார். சலவைக்கூடத்தில் பாதிப் பேர் அவரைச் சுவரில் மாட்டிய படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தார்கள். ஆனாலும் அரை நாள் மெஷின்கள் நின்றன, மூக்குச் சிந்திச் சிந்தி ஒரு கட்டுத் துண்டு அழுக்காயிற்று. டிரையர்காரர் விம்மிக்கொண்டே, "ஒரு தடவ லிஃப்ட்ல என்னைப் பாத்துத் தலையாட்டினாருக்கா" என்றார். "அவரு காதுல போன் இருந்துது. தலையாட்டினது அதுல பேசினவனுக்கு" என்றாள் கஞ்சி. யாருக்காக அழுதால் நாமும் நாலு பேருக்கு நடுவில் கொஞ்சம் உயரமாகத் தெரிவோமோ, அவருக்காக அழுகை சீக்கிரம் வரும் என்பது அவளுடைய கட்சி.

ஸ்கேலுக்கு யாரும் துண்டை அழுக்காக்கவில்லை. "பாவம்" என்றார்கள், "நல்ல சாவு" என்றார்கள், பத்து மணிக்கெல்லாம் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டுக்கு ஏழெட்டுப் பேர் போய் வந்தார்கள். கஞ்சி போகவில்லை.

எதிரே வேறொருத்தியை நிறுத்தினார்கள். அவள் மடிப்பைப் பார்த்து, "பெட்ஷீட் மடிக்கிறியா, பொட்டலம் கட்டுறியா" என்று கஞ்சி கேட்க, அன்றோடு அவளுக்குப் பொட்டலம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நான்காம் நாள் பொட்டலம் தானாகவே போய், ரத்தமும் சீழும் பட்ட துணிகளைப் பிரிக்கிற அறைக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அடுத்து வந்தவள் இரண்டு நாள் தாக்குப் பிடித்தாள். "எழவே, ஓரம் சேரல. உதறு" என்று கஞ்சி அவளிடம் எரிந்து விழுந்தாள். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய பிடிவாதம் என்று உறைத்தது. அன்று முழுக்க யாரையும் திட்டாமல் இருந்தாள். அதைப் பார்த்து எல்லோரும் பயந்தார்கள்.

பஸ்ஸில் கேள்விகள் தாமாகவே ஓட ஆரம்பித்தன. நிறுத்த முடியவில்லை. உதடு அசைவதைப் பார்த்துப் பக்கத்துச் சீட்டுக்காரி எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். ஒரு மத்தியானம் சலவைக்கூடத்துக் கழிவறையில் முகம் கழுவக் குனிந்தபோது, தண்ணீரைத் திறப்பதற்கு முன்பே கன்னம் நனைந்திருந்தது. கஞ்சிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கட்டினவனுக்கு வராத கண்ணீர் இவளுக்கா? போயும் போயும் இவளுக்கா? அதைத் துக்கம் என்று யாராவது சொல்லியிருந்தால் கடித்துக் குதறியிருப்பாள். மடித்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் தன் முனையை விட்டுவிட்டால், பிடித்துக்கொண்டிருக்கிறவள்தான் பின்னால் போய் விழுவாள். விட்டவளை எழுந்து அறையலாம் என்றால் அவளும் அங்கே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ஸ்கேலுக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பெரிய டாக்டருக்கு அரை நாள், இவளுக்குப் பத்து நிமிடம், அதுவும் டீ நேரத்திலிருந்து பிடித்தது. ஸ்கேலின் மகள் ஏதோ தாள்களில் கையெழுத்துப் போடவும் லாக்கரைக் காலி செய்யவும் வந்திருந்தாள். அவளை முன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அம்மாவைப் போலவே ஒல்லி, அம்மாவைப் போலவே நேர்ப் பார்வை.

சூப்பர்வைசர் கடமை, நேர்மை என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு, "யாராவது பேசறீங்களா?" என்றார். எல்லோரும் டீயைப் பார்த்தார்கள். டிரையர்காரர் பிஸ்கட்டை நனைத்தபடி, "நல்லவங்க" என்றார்.

"ஆமா, நல்லவங்க" என்றாள் பொட்டலம்.

கஞ்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவளாம். பதினொரு வருடம் ஒருத்தியோடு மல்லுக்கு நின்று, ஒரு நாள்கூடச் சளைக்காதவளுக்கு இப்படி ஒரு சப்பை வார்த்தை. அவள் எழுந்தாள்.

"அக்கா, வேண்டாம். பொண்ணு உக்காந்திருக்கு" என்றார் சூப்பர்வைசர்.

"உக்காந்திருக்கட்டும். அதுவும் கேக்கட்டும்."

அவள் யாரையும் பார்க்கவில்லை. ஒரு பெட்ஷீட் தூரத்தில், வெறும் சுவரைப் பார்த்து நின்றாள்.

"கிழிச்சுத் தரை தொடைக்க வெச்சிருந்த துணி. ரெண்டே ரெண்டு. என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக் கெடந்தாரு. அது உனக்குத் தெரியும். தெரிஞ்சும் போய்ச் சொன்ன. அதுல உனக்கு என்ன கெடச்சுது?"

ஒத்திகையில் செய்வது போலவே நிறுத்தினாள். ஸ்கேல் தலை குனிய வேண்டிய இடம் இது. மகள் கண் கொட்டாமல் பார்த்தாள். யாரும் தலை குனியவில்லை.

"அவர் செத்தப்ப எல்லாரும் வீட்டுக்கு வந்தாங்க. நீயும் வந்த. வாசல்லயே நின்ன. ஒரு வார்த்த பேசல. எதுக்கு வந்த? வேடிக்க பாக்கவா?"

மறுபடியும் நிறுத்தினாள். மூன்றாவது கேள்வி நாக்கு நுனியில்தான் இருந்தது. வாயைத் திறந்தாள். வந்தது அது இல்லை. மெதுவாக, அளந்து அளந்து, வேறொரு குரல் வந்தது. அந்தக் குரல் அவளிடம் பேசிப் பதினொரு வருடமாகியிருந்தது, ஆனாலும் ஒரு இழுப்புக்கூட மறக்கவில்லை.

"கிழிக்கிற துணியா இருந்தாலும் அந்த வாரம் எண்ணிக் கையெழுத்துப் போட்டது நான். ரெண்டு கொறையுதுன்னு சூப்பர்வைசர் என்னத்தான் எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேட்டாரு. நீ என் பக்கத்துலதான் நின்ன. வாயத் தொறக்கல. சொல்லுவ சொல்லுவன்னு நான் பொழுது சாயற வரைக்கும் பாத்தேன். அதுக்கப்புறந்தான் சொன்னேன்."

கஞ்சியின் கைகள் எதையோ பிடித்திருப்பது போல முன்னால் நீண்டிருந்தன.

"வாசல்ல நின்னேன். உள்ள வான்னு நீ சொல்லல."

இவை அவளுக்குத் தெரியாத பதில்கள் இல்லை. அன்றன்றைக்கே தெரியும். தெரிந்ததால்தான் ஒத்திகையில் ஸ்கேலை ஒரு தடவைகூடப் பேச விடவில்லை. இப்போது திருப்பிச் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. நேரமும் இல்லை, ஆளும் இல்லை. சலவைக்கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கஞ்சி முகத்தைத் துடைக்காமல், சத்தம் போட்டு அழுதாள்.

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அக்கா, பத்து நிமிஷம் தாண்டிடுச்சு. மெஷின் போடணும்."

"இருங்க சார்" என்றாள் கஞ்சி. "அவ இன்னும் பேசி முடிக்கல."