ஒரு கட்டைப்பை புத்தகங்களும் என் நுரையீரலும்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் “உளுந்தூர்பேட்டை, உளுந்தூர்பேட்டை” என்று கூவிக்கொண்டிருந்தேன். பாதிப் பெயரிலேயே இருமல் மறித்தது. கைக்குட்டையில் ரத்தம். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மிச்ச டிரிப்பையும் முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தனியார் பேருந்து நடத்துனரின் புத்தி அப்படி.

காசநோய் (காற்றில் பரவி நுரையீரலை அரிக்கும் கிருமி நோய்) என்றது சளிப் பரிசோதனை.

“மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது. வேலைக்குப் போகாம நல்லா ஓய்வு எடுங்க” என்றார் டாக்டர்.

ஓய்வு! கல்யாண சீசனில் லீவு கேட்டால் எங்கள் முதலாளி சிரிப்பார். கோடையை நான் பேருந்துப் படிக்கட்டில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். வருஷா வருஷம் ஆசையாக வாங்கிய நாவல்கள் பிரிக்கப்படாமலே கிடந்தன.

“யாரு கேட்டாலும் அல்சர்னு சொல்லுங்க” என்றாள் என் மனைவி மல்லிகா.

“இன்னாத்துக்கு? நானா திருடிக்கினு வந்தேன்?”

டிபி என்றே சொன்னேன். டீக்கடையில் எனக்கு மட்டும் காகிதக் கப் வந்தது. வரட்டுமே. இதே நோயோடு இதைப் படிப்பவர்களே, நீங்களும் பெயரைச் சொல்லியே பேசுங்கள். ஒளிக்கிற வேலையையும் சேர்த்துச் செய்ய நம் நுரையீரலுக்குத் தெம்பில்லை.

மறு பரிசோதனையில் சளியில் கிருமி இல்லை; இனி என்னிடமிருந்து பரவாது என்றார் டாக்டர். அந்த மே மாதம் டாக்டர் சீட்டைக் காட்டி முதலாளியிடம் லீவு வாங்கி, மாத்திரைகளோடு ஒரு கட்டைப்பை நிறைய நாவல்களையும் எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்கு ஏறினேன். வெள்ளிமலையில் மல்லிகாவின் தங்கை தேவியின் வீடு இருந்தது.

மூச்சை இழுத்து விட்டுப் பழகச் சொல்லியிருந்தார்கள். நான் வாய்விட்டுப் படித்துப் பழகினேன். முதலில் ஒரு வாக்கியத்துக்கே மூச்சு போதவில்லை. பாதியில் நின்று, இருமி, விட்ட இடத்திலிருந்து படித்தேன்.

டிக்கெட் கிழித்துப் பழகிய விரல் நாக்கைத் தொடாமல் பக்கம் புரட்டாது. தேவி பார்த்துவிட்டாள்.

“அய்ய, எச்ச தொட்டுப் பொரட்றீங்களே மாமா! புள்ளைங்க இருக்கிற வூடு.”

“புஸ்தகத்தால இது பரவாதும்மா. டாக்டரே சொல்லிட்டாரு.”

“அவரு சொல்லுவாரு.”

எனக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தாள். என் புத்தகங்களைத் தாண்டிப் பெருக்குவாளே தவிர, தொடமாட்டாள். கோபம் வந்தது. மறுநாள் முதல் அடுப்படிவரை கேட்கும்படி இன்னும் சத்தமாகப் படித்தேன். கதையில் ஒரு பெண் பெட்டியோடு வாசலில் நிற்கும் கட்டம் வந்ததும் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் வேண்டுமென்றே அங்கேயே மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.

எழுந்து பார்த்தால், நான் விட்ட இடத்துக்கு வெகுதூரம் தள்ளி ஒரு பக்கம் மடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் மஞ்சள் விரல் தடம்.

“யாரும்மா இதைப் படிச்சது?”

“அந்தப் பொண்ணு வூட்டை வுட்டுப் போச்சா இல்லையான்னு, நீங்க தூங்கி எழுந்திருக்கிற வரைக்கும் காத்துக்கினு இருப்பாங்களா?” என்றாள் தேவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அன்று மாலை எல்லோருக்குமான டம்ளர் ஒன்றில் எனக்கும் காபி வந்தது. அழுதுவிட்டேன்.

மாத்திரைகள் முடிந்து ஒரு வருஷமாகிறது. மாடி ஏறினால் இன்னும் மூச்சு வாங்கும். முன்பு என் பொழுதெல்லாம் அடுத்த டிரிப்புக்கு எத்தனை நிமிஷம் என்பதுதான். இப்போது ஒரு மூச்சுக்கு எத்தனை வரி என்று பார்க்கிறேன். அந்தக் கணக்கில் நான் பணக்காரன்.

போன வாரம் முதலாளியிடம் மே மாதத்துக்கு லீவு கேட்டேன்.

“மறுபடியும் உடம்புக்கு இன்னாய்யா?”

“ஒண்ணுமில்லைங்க. நல்லா இருக்கு. அதனாலதான் கேக்கிறேன்.”