சகலம் அவர்கள் என்ஜின் பூட்டிய வரலாறு

"எங்கம்மாகிட்ட நான் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்ல. இனிமேலும் கேக்க மாட்டேன். எனக்கு சகலமும் தெரியும்."

லிஃப்ட் கம்பெனியின் சாப்பாட்டு அறையில் வாயில் கவளத்தோடு இந்தப் பிரகடனத்தை வெளியிட்ட மெக்கானிக்குக்கு அன்றே 'சகலம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

பிரகடனத்துக்குப் பின்னணி உண்டு. அவருடைய அம்மா கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்று புரியவைத்தவர். தன் பழைய காரின் என்ஜினைத் தானே கழற்றிப் பூட்டியவர். அப்பேர்ப்பட்டவரின் மகன் லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை மண்ணைக் கவ்வினார். நான்காம் முறை எதிர்த்தெருப் பள்ளியில் சேர்ந்து தேறினார். அதன்பிறகு அம்மாவிடம் அவர் மணிகூடக் கேட்டதில்லை. தெருவில் போகிறவரை நிறுத்திக் கேட்பார்.

அம்மா இறந்த அன்றும் சகலம் அழவில்லை. உடலை இறக்கிய ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு இரண்டு விநாடி தாமதமாக மூடுகிறது என்று அங்கிருந்த ஊழியரோடு மல்லுக்கு நின்றார். மறுவாரமே ஷெட்டுக்குள் புகுந்து, ஆறு வருடமாக ஓடாமல் கிடந்த அம்மாவின் காரிலிருந்து என்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கி வெளியே வைத்தார்.

அம்மாவைக் கடைசி இரண்டு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்ட அக்கா, ஷெட் வாசலில் வந்து நின்றார்.

"அம்மா படுத்தப்ப எட்டிப் பாக்காதவன், அம்மாவோட இஞ்சின் படுத்துக் கிடக்குதுன்னு ஓடி வந்துட்டான்."

"உனக்கு இதெல்லாம் புரியாதுக்கா."

"புரியவே வேணாம். மூணு மாசம். அதுக்குள்ள ஓடலன்னா பழைய இரும்புக்காரர் வந்து வண்டியோட தூக்கிட்டுப் போவார். எனக்கு ஷெட்டு வேணும்."

மூன்று மாத ஞாயிறுகளும் அதிலேயே கரைந்தன. பிஸ்டன் வளையம், வால்வு, கேஸ்கெட் எல்லாம் கார் கம்பெனிப் புத்தகம் சொன்னபடி. அம்மாவின் கைவேலை தென்பட்ட இடங்களில் சகலம் மூக்கைச் சுளித்தார். என்ஜின் முன்னால் சுழலும் புல்லிச் சக்கரத்தில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு கிடந்தது. "இஞ்சினுக்கு மேக்கப்பு வேற" என்று பெட்ரோல் தொட்டுத் துடைத்தார். தீப்பொறி எந்த நொடியில் விழ வேண்டும் என்பதை அதே சக்கரத்தில் கம்பெனி வெட்டிய கோட்டை வைத்தே நிர்ணயித்தார். பிறகு என்ஜினைத் திரும்பக் காரில் ஏற்றினார்.

கெடு முடிந்த காலையில் பழைய இரும்புக்காரர் லாரியோடு வந்துவிட்டார். அக்கா சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் கார்புரேட்டர் வழியாக டமார் என்று வெடித்து, குனிந்து நின்ற சகலத்தின் இடது புருவத்தை எடுத்துக்கொண்டது.

"உன் புஸ்தகத்துல புருவம் எந்தப் பக்கத்துல போட்டிருக்கான்?" என்றார் அக்கா.

"எல்லாம் கம்பெனி சொன்னபடிதான் பூட்டியிருக்கேன்!"

"அந்தப் புல்லி வேற வண்டியோடதுடா. கம்பெனிக் கோடு இதுக்குப் பொருந்தாது. அதான் அம்மா என் நெயில் பாலிஷை எடுத்துத் தனியா ஒரு கோடு போட்டு வெச்சிருந்தா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"கேட்டேன்."

சகலம் குனிந்து புல்லியைத் தடவிப் பார்த்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் கோடு எங்க இருந்துச்சுன்னு என்னைப் பாக்காத. தொடச்ச மகராசனைத்தான் கேக்கணும்."

"மேடம், ஏத்திடலாமா?" என்றார் பழைய இரும்புக்காரர், கையில் சங்கிலியோடு.

"அஞ்சு நிமிஷம் இருங்க." தம்பிக்காகச் சொன்னதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்று அக்கா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

சகலம், தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் திருகைத் தளர்த்தினார். பார்த்து வைக்கக் கோடு இல்லை. கையால் திருப்பித் திருப்பித்தான் தேட வேண்டும். மயிரிழை திருப்பினார். அக்கா சாவியைப் போட, என்ஜின் இருமியது. இன்னொரு மயிரிழை. தும்மியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டு, தகரக் கூரை அதிர, நொண்டி நொண்டி ஓடியது. பழைய இரும்புக்காரர் சங்கிலியைச் சுருட்டினார்.

சகலம் கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார், நொண்டல் குறைந்தது. இங்கே நிறுத்துவதா, இன்னும் தள்ளுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. அக்காவின் காதில் விழாதபடி பானெட்டுக்கு அடியில் தலையை நுழைத்து, குரலைத் தாழ்த்தி, "போதுமாம்மா?" என்று கேட்டார்.