பேப்பர் உண்மை சொன்ன நாள்

பாக்கியம் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் பள்ளியில் ஜப்பானிய எழுத்துகளைக் கரும்பலகையில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பி செல்வம் அண்ணன் வகுப்பு வாசலில் நின்றார். "அக்கா போயிட்டாங்க தங்கச்சி. கோப்பிக் கடையில சொல்லிடு" என்றார். துறைமுகக் கால்பந்துக் குழுவின் கோல் காவலர் அவர். நம் குழு தோற்ற நாளில்கூட அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

இன்று காரியத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அக்காவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திடலின் ஓரத்தில் அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்பார். ஆட்டம் சூடுபிடித்தால் கூடையை மறந்துவிடுவார்.

ஆட்டத்துக்கு மறுநாள் கோப்பிக் கடையில், நாம் எல்லோருமாக வாங்கும் ஒரே பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது என் வேலை. அக்கா அதை உடனே திறக்க விடமாட்டார். மடித்தபடியே அதன்மேல் கோப்பிக் குவளையை வைத்துவிடுவார். "முதல்ல நாம பார்த்தத சொல்லுவோம். பிறகு அவன் எழுதினத கேப்போம்." ஒவ்வொருவரும் பார்த்ததைச் சொல்லி, சண்டையிட்டு, ஒத்துக்கொண்ட பிறகுதான் குவளை நகரும்.

பட்டணக் குழுவோடு ஆடிய ஆட்டத்துக்கு மறுநாளும் அப்படித்தான். 'பட்டண வீரர் பெனல்டியை வெளியே அடித்து நல்ல வாய்ப்பை வீணாக்கினார்' என்று படித்தேன்.

"வெளியே அடிச்சானா? அப்ப என் தம்பி அங்க என்ன, கொடிமரமா நின்னான்?"

"பேப்பர்காரனுக்கு அந்தக் குழுவுல மச்சான் இருக்கான்லா" என்றார் கடைக்கார மாமா.

"மச்சான் இருந்தா கண்ணும் போயிடுமா, மாமா?" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். திருத்தம் கேட்டு எழுதிப் போடுகிறேன் என்றேன். மாமா பதறிப்போனார். "இந்த ஜப்பான்காரன் காலத்துல பேப்பருக்கு எதிரா எழுதுறதா? அப்படியே வீட்டு விலாசத்தையும் குடுத்துட்டு வா!" அந்த யோசனையை விட்டுவிட்டேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. "தம்பி பேரு அச்சுல எப்படி இருக்கும்? ஒரு தடவ பார்த்தா போதும்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். சிந்தியிருந்த கோப்பியில் விரலைத் தொட்டு, 'செல்வம்' என்று மேசையில் எழுதிக் காட்டினேன். அது காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே பட்டணக் குழுவோடு ஆடவிருந்த இறுதி ஆட்டத்தன்று காலை, மழையால் ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டிருப்பதாகப் பேப்பரில் வந்தது.

"நம்மள வராம பண்ணப் பார்க்கிறான். நாம போகலன்னா ஆடாமலே அவனுங்களுக்குக் கோப்பை" என்றார் அக்கா.

"மழை பெய்யுதே, அக்கா."

"பெய்யுது. அதப் பார்த்துட்டோம். ஆட்டம் இல்லங்கறத யாரு பார்த்தா? போய்ப் பார்ப்போம்."

நாம் யாரும் மறுக்கவில்லை. திடலில் தண்ணீர்தான் நின்றது. நாம் கிளம்பிய பிறகு பட்டணக் குழுவினர் வந்துவிடுவார்கள் என்று இருட்டும்வரை நனைந்துகொண்டு நின்றோம். கிழங்கைத் தவிர வேறு எதுவும் சரியாகச் சாப்பிடாத உடம்பு அக்காவுக்கு. காய்ச்சல் வந்தது. மருந்து இல்லை, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் பேப்பரில், துறைமுகக் குழுவின் ரசிகர்கள் திடலில் ரகளை செய்ததாக எழுதியிருந்தார்கள். படுக்கையருகே நான் அதைத் திறக்கப் போனேன். "முதல்ல நாம பார்த்தத சொல்லு" என்றார் அக்கா. "சும்மா நனைஞ்சுக்கிட்டு நின்னோம், அக்கா" என்றேன். "அப்ப அது போதும். மூடிடு."

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. உண்மை சொன்ன ஒரு நாளில் நம்ப முடியாதபடி நம்மை ஆக்கி வைத்த பேப்பர் மேல் கோபம். மழையிலும் திரும்பிப் போக மறுத்த அக்கா மேலும் கோபம்தான். யாரிடம் போய் இதைத் தீர்ப்பது?

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் குவளை வழக்கத்தை. பேப்பரைத் திறப்பதற்கு முன் பார்த்ததைச் சொல்லிவிட வேண்டும். ஆகவே சொல்கிறேன். அந்தப் பெனல்டி தானாக வெளியே போகவில்லை. இடப்பக்கம் பாய்ந்து விரல் நுனியால் அதைத் தட்டிவிட்டவர் செல்வம். நான் பார்த்தேன். அடுத்து நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.