பழைய பஞ்சாங்கம் வாசித்த எங்கள் அண்ணா

அண்ணாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களே, நண்பர்களே,

இப்படியான மலரில் பிள்ளைகள் எழுதுவதே வழக்கம். அண்ணாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணி அவருக்கு முன்னரே போய்விட்டார். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே இந்தக் கடமை என்னிடம் வந்தது. முன்பக்கங்களில் தேவாரமும் கல்வெட்டு என்னும் நினைவுப் பாக்களும் இருக்கின்றன. அவற்றில் அண்ணாவைக் கற்பகத்தரு என்றும் குலவிளக்கு என்றும் எழுதியிருக்கிறார்கள். பாக்களை எழுதியவர் அண்ணாவைப் பார்த்ததில்லை. நான் பார்த்ததை எழுதுகிறேன்.

அண்ணா வடமராட்சியில் பிறந்தார். எங்கள் ஐயா கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜராக இருந்தவர். அண்ணா படித்து முடிக்கும் முன்னரே ஐயா காலமாகிவிட்டதால், அண்ணா தபால் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தார். அனுராதபுரம், மட்டக்களப்பு என்று மாற்றலாகிப் போன ஊர்களிலெல்லாம் தனியே சமைத்துச் சாப்பிட்டார். என்னைப் படிப்பித்தார், திருமணம் செய்து கொடுத்தார். அதன் பிறகே தாம் திருமணம் செய்தார்.

அண்ணி ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. நன்றாகச் சிரிப்பவர். சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் வீட்டில் மற்றவர்கள் நல்ல நாள் பார்ப்பார்கள். அண்ணி பக்கங்களின் அடியில் அச்சிட்டிருக்கும் ஒற்றை வரிகளைத்தான் முதலில் தேடுவார். கருமியை, வைத்தியரை, மாப்பிள்ளையை, ஊர்ப் பெரியவரைக் கிண்டல் செய்யும் வரிகள் அவை. பக்கத்தில் இடம் மிஞ்சினால் அச்சுக்கோப்பவர் இட்டு நிரப்புவது என்று அண்ணா சொல்வார். அண்ணி குசினிக்குள் சமைத்தபடி உரத்து வாசிக்க, சவரம் செய்துகொண்டிருந்த அண்ணா சிரித்து நாடியில் வெட்டிக்கொண்ட காலைகளை நான் பார்த்திருக்கிறேன்.

போரினால் பாதைகள் மூடிக் கிடந்த காலத்தில் அண்ணி நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. கொழும்புக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தபோது, கொண்டுபோவதற்கு அண்ணி இருக்கவில்லை.

அதன் பின்னர் ஊரில் அவருக்கென்று யாரும் இல்லாத நிலையில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணா கனடாவில் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார். அப்போது நாங்கள் ஸ்காபரோவில் இருந்தோம். அவருடைய பெட்டியைத் திறந்தபோது சில உடுப்புகள், அண்ணியின் படம், அடியில் மஞ்சள் மட்டை போட்ட ஒரு பஞ்சாங்கம்.

"ஏன் அண்ணா, முடிஞ்ச வருசத்துப் பஞ்சாங்கத்தையும் காவிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

அண்ணா அதைப் பிரித்துத் தம் ராசிக்குரிய பக்கத்தைக் காட்டினார்.

"அண்ணி செத்த வருசம். என்ரை ராசிக்கு என்ன போட்டிருக்கு எண்டு பார். இல்லறம் இனிக்குமாம்."

அவர் குரலில் கோபம் இல்லை. பக்கங்களை மெல்லப் புரட்டிக்கொண்டே, "பலனெல்லாம் பிழைச்சுப் போச்சு, பிள்ளை. ஆனால் அடிவரியள் பிழைக்கேல்லை. அவ பென்சிலாலை கோடு போட்டதுகளை வாசிச்சால் எனக்கு இப்பவும் சிரிப்பு வருது" என்றார்.

பிறகு என் கணவரின் வேலை காரணமாக நாங்கள் நகரத்துக்கு வெளியே விட்பிக்கு மாறினோம். அண்ணாவை எங்களுடன் வரச் சொன்னோம். அவருக்கு நகரத்தின் நடுவே ஒரு பார்க்கிங் லொட்டில் விடியற்காலை முதல் காசு வாங்கும் வேலை கிடைத்திருந்தது. விட்பியிலிருந்து அவ்வளவு விடியற்காலையில் அங்கே போய்ச் சேர வழியில்லை. ஆகவே அவர் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் தங்கிக்கொண்டார். பகலில் கண்ணாடிக் கூண்டு, மாலையில் நிலத்துக்குக் கீழே ஓர் அறை. அதன் யன்னல் புல்லின் மட்டத்தில் இருந்தது. மாரியில் பனி மூடினால் அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறித் தெரிந்தவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பழைய பஞ்சாங்கம் இருக்கிறதா என்று கேட்பார். குசினிச் சுவரில் நூல் கட்டித் தொங்கி, மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் படிந்து, குப்பைக்குப் போக இருந்தவற்றை வாங்கி வருவார். இதனால் சிலர் அவருக்கே "பழைய பஞ்சாங்கம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அது தெரியும். பெயர் பொருத்தம்தான் என்று சொல்லிச் சிரித்தார்.

நான் போகும்போது எனக்கும் வாசித்துக் காட்டுவார். எப்போதோ மூடிப்போன சோடாக் கம்பனியின் விளம்பரம், குடை திருத்துபவரின் விலாசம், பெய்தே ஓய்ந்துவிட்ட மழைக்கான எதிர்கூறல். அந்த வருடம் முழுவதும் இனித்தான் நடக்க இருப்பதுபோல எழுதியிருக்கும். அதை வாசிக்கும்போது நடந்தவை எல்லாம் நடக்காமல் நின்றுவிடலாம் போல ஒரு கணம் தோன்றும். பக்கத்தின் அடியில் அந்தக் குறும்பு வரி வரும். இருவரும் சிரிப்போம். அதற்குள் எனக்கு விட்பிக்குத் திரும்பும் நேரமாகிவிடும்.

புதுப் பஞ்சாங்கங்கள் ஊர் நேரத்துக்குக் கணித்தவை. இங்கே விடியும்போது அங்கே பொழுது சாய்கிறது. கோடையில் மணிக்கூட்டையும் மாற்றுகிறார்கள். ஆகவே பால் காய்ச்சவும் தாலி கட்டவும் நேரம் கேட்டுப் பலர் அண்ணாவுக்கு ரெலிபோன் எடுத்தார்கள். அவர் இங்குள்ள சூரிய உதயத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்வார். கேட்டவர்கள் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள்.

"நல்ல நேரம் சொல்லிப்போட்டு ரிசீவரை வைக்கிறன் பார், அப்பதான் அறை இன்னும் அமைதியாய்ப் போகுது" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

அப்படி நேரம் கேட்டு வந்தவர்களில் ஒருவர் தமிழ் வானொலி ஒன்றில் அறிவிப்பாளர். காரிலும் பஸ்ஸிலும் கொண்டுபோகக்கூடிய சிறிய, தனியான றேடியோப் பெட்டி வாங்கினால்தான் அந்த வானொலி கேட்கும். அண்ணா சொன்ன கதைகளில் சொக்கிப்போன அவர், காலைதோறும் சில நிமிடங்கள் ரெலிபோனில் பழைய பஞ்சாங்கம் வாசிக்கும்படி கேட்டார். அண்ணா வேலைக்குப் புறப்படும் முன்னர், கோட்டைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் இருந்தபடி வாசித்தார். வெளியே பனி கொட்ட, இன்று வடபகுதியில் வெப்பம் மிகும் என்று பழைய எதிர்கூறலை வாசிப்பார். தொழிற்சாலைகளுக்குக் கார் ஓட்டிப் போகிறவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். கடைகளில் அவருடைய வரிகளை ஆளுக்காள் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் குரலைத்தான் அறிந்திருந்தார்கள். அந்த வரியைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே கூண்டில் காசு கொடுத்துவிட்டு, அண்ணாவை யாரென்று அறியாமல் போனவர்களும் உண்டு.

ஒரு தை மாதக் காலையில் அவர் சகுன பலன் பகுதியை வாசித்தார். வீட்டை விட்டுப் புறப்படும்போது யார் எதிரே வந்தால் நல்லது, யார் வந்தால் ஆகாது என்ற பகுதி. ஆகாதவர்களில் கைம்பெண்ணும் இருந்தார். கீழே கைம்பெண்ணைப் பற்றி ஒரு கிண்டல் வரி. அண்ணா வழக்கம்போல அதையும் சிரித்து வாசித்தார்.

அன்று மாலை, நகரத்தின் மறுகோடியில் உள்ள றெக்ஸ்டேலில் இருந்து ஒரு பெண் ரெலிபோன் எடுத்தார். நல்ல நேரம் கேட்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்து அண்ணா பேனையை எடுத்திருக்கிறார்.

"அண்ணை, உந்த வரியை வாசிக்கேக்கை உங்களுக்குச் சிரிப்பு வந்ததோ?"

அண்ணாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"என்ரை மனுசனை ஊரிலை பிடிச்சுக்கொண்டு போச்சினம். பிறகு உடம்புதான் வந்தது. நான் இஞ்சை தையல் ஃபக்டரியிலை நிண்டு பிள்ளையை வளர்த்தனான். வாற மாதம் அவளுக்குக் கலியாணம். மண்டபத்திலை எந்த மூலையிலை நிண்டால் ஒருத்தற்றை கண்ணிலையும் படமாட்டன் எண்டு இப்பவே யோசிச்சுக்கொண்டிருக்கிறன். விடிய வேலைக்குப் போற பஸ்ஸிலை உங்களைக் கேட்டுத்தான் நான் சிரிக்கிறனான். இண்டைக்கு என்னைப் பார்த்தே சிரிச்சுப்போட்டியள்."

அண்ணா மன்னிப்புக் கேட்பதற்குள் அவர் வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் பஞ்சாங்கத்தில் ஒன்றும் வாசிக்கப் போவதில்லை என்று அண்ணா அறிவிப்பாளரிடம் சொன்னார். "ஒரு ஆள் சொன்னதுக்காக ஏன் அண்ணை? மற்ற எல்லாரும் ரசிச்சவைதானே" என்று அவர் தடுத்தார். அண்ணா கேட்கவில்லை. அன்று அவர் பேசியதை நான் விட்பியில் குசினிக்குள் நின்று கேட்டேன்.

"நேற்று நான் ஒரு வரியை வாசிச்சுச் சிரிச்சனான். அது பிழை. என்ரை மனுசியும் செத்துப் போனவதான். அதுக்குப் பிறகு நான் எத்தினையோ கலியாண வீட்டுக்குப் போயிருக்கிறன். நேரம் குறிச்சுக் குடுத்திருக்கிறன். என்னைக் கண்டு ஒருத்தரும் திரும்பிப் போகேல்லை. எனக்கு இல்லாத தோசம் மனுசனை இழந்த ஒரு தங்கச்சிக்கு எங்காலை வந்தது? இந்தப் புத்தகங்களிலை எனக்கு உயிர். ஆனால் இதுக்குள்ளை இருக்கிற எல்லாம் சிரிக்கிறதுக்கு இல்லை. தங்கச்சி, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அடுத்த நாள்களில் அவருக்கு நிறைய அழைப்புகள் வந்தன. சிலர் அழுதார்கள். சிலர் சாத்திரத்தைப் பழிக்க நீர் யார் என்று ஏசினார்கள். றெக்ஸ்டேல் பெண்ணும் எடுத்தார். மகளின் திருமணத்துக்கு வரவேண்டும் என்று மட்டும் சொல்லி, மண்டபத்தின் விலாசத்தைத் தந்தார்.

திருமணத்தன்று பனி அதிகமாக இருந்ததால் நானே அண்ணாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். மண்டபத்தில் கோட்டுகள் தொங்கவிடும் இடத்துக்குப் பக்கத்தில், பட்டுச் சேலை உடுத்து, நெற்றியில் வெறும் திருநீற்றுடன் ஒருவர் நின்றார். "வாங்கோ, உள்ளை போய் இருங்கோ" என்றார். குரலைக் கேட்டதும் அண்ணா நின்றுவிட்டார்.

"தங்கச்சி, ஏன் இஞ்சை நிக்கிறியள்?"

அவரும் குரலை அறிந்துகொண்டார். "இஞ்சை நிண்டாலும் எல்லாம் தெரியுது, அண்ணை."

"தெரிஞ்சால் போதுமோ? ஆர் தாரை வார்க்கினம்?"

"என்ரை தம்பியும் மனுசியும்."

"அவை வார்க்கட்டும். நீங்கள் பிள்ளைக்குப் பக்கத்திலை நில்லுங்கோ. நானும் வந்து நிக்கிறன். கூடாதெண்டால் மேடையிலையிருந்து ரெண்டு பேரையும் சேர்த்து இறக்கட்டும்."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். அண்ணா நகரவில்லை. அங்கேயே, கோட்டுகளின் நடுவே, அவருக்குப் பக்கத்தில் நின்றார். கெட்டிமேளத்துக்கு நேரம் நெருங்கியது. கடைசியில் அந்தப் பெண்ணே சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு நடக்கத் தொடங்கினார். அண்ணா பின்னால் போனார். கதிரைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் மாப்பிள்ளை பகுதியினர் ஏதோ முணுமுணுத்தார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். மணப்பெண் தாயைக் கண்டதும், மாலையோடு எழும்பி வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். ஐயர் ஒரு கணம் பொறுத்து, "அம்மா, இப்பிடி வந்து நில்லுங்கோ" என்று தட்டங்களை விலக்கி இடம் செய்தார்.

திரும்பி வரும் வழியில் அண்ணா, "அண்ணி இருந்திருந்தால் எனக்கு முன்னாலை அவதான் போயிருப்பா" என்று மட்டும் சொன்னார். ஸ்காபரோவில் இறக்கிவிட்டேன். பக்கத்து வாசலின் படிகளில் இறங்கி அவர் மறைவதைப் பார்த்துவிட்டுக் காரை எடுத்தேன்.

சில வாரங்களில் வானொலியில் அந்த நிகழ்ச்சி நின்றது. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. நேரம் கேட்டு வரும் அழைப்புகளும் குறைந்தன. அண்ணா யாரையும் குறை கூறவில்லை. கேட்க ஆளில்லாதபோதும், காலையில் கட்டிலில் இருந்து ஒரு பக்கத்தை உரத்து வாசித்த பிறகே வேலைக்குப் போனார் என்று மேல்வீட்டு அம்மா என்னிடம் சொன்னார். றெக்ஸ்டேல் சகோதரி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவார். சமைத்த கறியைப் பெட்டியில் அடைத்து, இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்து தந்த நாள்களும் உண்டு.

இந்த இலையுதிர் காலத்தில் அண்ணா வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது என்னைப் பார்த்து, "பிள்ளை, உனக்குத் தூரமெல்லோ, வெளிச்சத்தோடை வீட்டை போ" என்றார். எங்கள் கடைசிப் பேச்சு அதுதான். அடுத்த நாள் காலை நான் நெடுஞ்சாலையில் வாகன நெரிசலில் நின்றுகொண்டிருக்கையில் அவர் போய்விட்டார். பக்கத்தில் யாரும் இருக்கவில்லை.

மலரில் போடுவதற்குத் திதி பார்க்கவேண்டி வந்தது. இங்கத்தைய நேரமா, ஊர் நேரமா என்று வீட்டில் வாக்குவாதம். என் கணவர் வழக்கம்போல, "உன்ரை அண்ணையைக் கேளன், சொல்லுவார்" என்றார். சொல்லிவிட்டு எழும்பி வெளியே போய்விட்டார். பிறகு கோயில் ஐயர் கணித்துத் தந்த திதியே முதற்பக்க வெண்பாவில் உள்ளது.

செய்தி கேட்டு ஓடி வந்தவர்கள், மலர்வளையம் அனுப்பியவர்கள், சமைத்து எங்கள் பசி தீர்த்தவர்கள், கிரியைகளை நடத்தித் தந்த ஐயர், வாடகைக்கு இருந்தவரைச் சொந்தக்காரர்போல் பார்த்த மேல்வீட்டுக் குடும்பத்தினர், ஈமக்கிரியை முடியும்வரை என் கையை விடாமல் நின்ற றெக்ஸ்டேல் சகோதரி, அவருடைய மகள், மருமகன், எல்லோரையும் கைகூப்பி நினைக்கிறேன்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். இந்த மலரை அவரால் வாசிக்க முடியாது. அண்ணாவுடன் பார்க்கிங் லொட்டில் வேலை செய்த சோமாலிய நண்பர் அவர். அண்ணா சரிந்தபோது அம்புலன்ஸை அழைத்தவரும் அவரே. கிரியை நாளன்று சீருடையோடு வந்து பின்வரிசையில் இருந்தார். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து, அண்ணா காலையில் கூண்டுக்குள் இருந்து வாசித்த புத்தகம் என்ன என்று கேட்டார். பஞ்சாங்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

வேலை முறை மாறும்போது அண்ணா சிரித்துக்கொண்டிருப்பாராம். என்னவென்று கேட்டால் ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்து, சொல்ல வராமல், மறுபடியும் சிரிப்பாராம். "என்ன பகிடி என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் உங்கள் அண்ணா சிரித்தால் என்னாலும் அடக்க முடியாது. நாங்கள் இருவரும் அந்தக் கூண்டுக்குள் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்போம்" என்று சொன்னார்.

அண்ணா அங்கே தனியாக இருந்தார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த நண்பருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

தங்கை
விட்பி