மூத்தார் இழுத்துப் பார்க்காத பட்டை

வடிவேலு என் தங்கை செல்வம்மாளின் மூத்த மகன். அவனுக்கு அடுத்தவன் அன்பு. அன்புக்குப் பெண் பார்த்து முடித்தது நான்தான். என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன் பெற்ற பெண், பெயர் சுஜி. இந்த மூன்று பேருக்கும் நடுவில் போன பங்குனியில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லவே கூச்சமாகத்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தம்.

வடிவேலுவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படகு அலையைத் தாண்டும் முன்னாலேயே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுப்பான். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்துவிட்டு இப்படியா என்று மாமன் மச்சான் எல்லாரும் கேலி பேசியே அவனைத் தலை குனிய வைத்தார்கள். ஆனால் கரையில் உட்கார வைத்து வலையைக் கொடுத்தால் எப்பேர்ப்பட்ட சிக்கையும் பொறுமையாகப் பிரித்துவிடுவான். அந்தக் கைதான் அவனை அந்த கிளப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தாம்பரம் பக்கத்து ஆட்கள் சேர்ந்து நடத்துகிற பாராகிளைடிங் கிளப் அது. முக்கால்வாசிப் பேர் சிறுசேரியிலும் நாவலூரிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள். தலைவர் ஷ்யாம்சுந்தர் சார், பேரன் எடுத்தவர். தாம்பரத்தில் பட்டாளத்து விமானம் இறங்குகிறது, அந்தப் பக்கம் மீனம்பாக்கம் ஏர்போர்ட். அதனால் ஊருக்குள் யாரும் பறக்க முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் பெரும்பாக்கத்துக்குப் பின்னால் ஒரு பொட்டலில் துணி றெக்கையை விரித்து, காற்றில் நிமிர்த்தி நிறுத்திப் பழகுவார்கள். கால் தரையை விட்டு எழும்பக் கூடாது. நிஜமாகப் பறப்பது செங்கல்பட்டைத் தாண்டி, தண்ணீர் வற்றின ஒரு ஏரியில், அனுமதி வாங்கிக்கொண்டு. அங்கே மலை கிடையாது, கயிறுதான். தூரத்தில் ஒரு வண்டியில் உருளை மாட்டியிருக்கும். அது கயிற்றைச் சுருட்டச் சுருட்ட, இந்தப் பக்கம் றெக்கை கட்டினவர் ஓடி எழும்புவார், பட்டம் ஏறுகிற மாதிரி. மேலே போனதும் கயிற்றைக் கழற்றிவிட்டு மிதந்து இறங்குவார். அவர்கள் கூடினால் பேச்செல்லாம் காற்று, அனுமதி, ஆடு மேய்க்கிறவனோடு சண்டை, போன வாரம் யார் எந்த முள்வேலியில் விழுந்தார் என்பதுதான்.

அங்கே வடிவேலு நூல் சிக்கெடுப்பான், றெக்கை விரிப்பான். கடைசியாக, பறக்கிறவருடைய பட்டைகளைச் சரிபார்ப்பான். நெஞ்சுக்கு ஒரு பட்டை, தொடைக்கு இரண்டு. கால் பட்டை இல்லாமல் மேலே போனால் சட்டையிலிருந்து குழந்தை நழுவுகிற மாதிரி ஆள் நழுவிவிடுவார். அதனால் ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டில் தட்டி, "ஓகே சார்" என்பான். அவன் தட்டாமல் யாரும் ஓட மாட்டார்கள். பெண்களும் உண்டு. "மேடம், கை வைக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பான். முதலில் கூசினானாம், அப்புறம் பழகிவிட்டது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளப்காரர்களும் வேலை செய்கிறவர்களும் குடும்பத்தைக் கூட்டி வரலாம், வந்தவர்களை சார் தன் முன்னால் உட்கார வைத்து ஒரு சுற்று பறக்க வைப்பார் என்று ஏற்பாடு. வடிவேலு பெண்டாட்டி பேபிக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி, வரவில்லை. செல்வம்மாள், நான், அன்பு, சுஜி நாலு பேரும் மீன் குழம்பும் சோறும் தூக்கிக்கொண்டு வேனில் போய் இறங்கினோம்.

சுஜி போகிறேன் என்றதும் செல்வம்மாள் ஆரம்பித்துவிட்டாள். "ஏண்டி, கட்னவன் கீழ நின்னுகினு கீறான், நீ இன்னொருத்தர் மடில ஒக்காந்துகினு மேல போவியா?"

"அம்மா, நான் தாத்தா. பேரன் அஞ்சாவது படிக்கறான்" என்று சார் சிரித்தார்.

"போவட்டும்மா. வீடியோ புட்ச்சி ஸ்டேட்டஸ் வெக்கணும். எவன் வூட்டு பொண்டாட்டி பறந்துகீறா?" என்றான் அன்பு.

இங்கே எங்கள் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். புருஷனுடைய அண்ணன் மூத்தார். அவர் வீட்டுக்குள் வந்தால் தம்பி பெண்டாட்டி எழுந்து நிற்க வேண்டும். அவர் அவளிடம் நேராகப் பேசுவதில்லை. சோறு வேண்டுமென்றால்கூட, "அன்பு, கொஞ்சம் சோறு போடச் சொல்லு" என்பான் வடிவேலு, அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பாள். விரல் படுவதற்குப் பேச்சே இல்லை.

சுஜி முழங்கால் வரைக்கும் தொங்குகிற சுடிதார் போட்டிருந்தாள், தொடைப் பட்டை அதற்குள் மறைந்துவிடும். தோளில் மாட்டிக்கொண்டாள், நெஞ்சுப் பட்டையைத் தானே பூட்டிக்கொண்டாள். சார் பின்னால் நின்று தன்னையும் அவளையும் றெக்கையோடு கோத்துக்கொண்டிருந்தார். வடிவேலு முன்னால் வந்து ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டான். கண் அவள் ஹெல்மெட்டுக்கு மேலே எங்கேயோ இருந்தது. பிறகு தம்பி பக்கம் திரும்பினான்.

"டேய் அன்பு, அதுக்கு கால் பெல்ட்டு மாட்டிகீதா பாரு."

அன்பு செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாட்டிகீதுண்ணா. எல்லாம் கரீட்டா கீது."

வடிவேலு அவள் தலையிலும் தட்டவில்லை. எட்டி சாரின் ஹெல்மெட்டில் தட்டினான். "ஓகே சார்."

ஓடினார்கள், எழும்பினார்கள். நாங்கள் கை தட்டினோம். ஒரு பனைமர உயரம் போயிருப்பார்கள், அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து சரிந்தாள். இரண்டு அக்குளிலும் பட்டை பிடித்திருக்க, உடம்பு தொங்கியது. சார் இரண்டு காலாலும் அவள் இடுப்பை வளைத்துக்கொண்டு கயிற்றைக் கழற்றிவிட்டார். வண்டியருகே நின்ற பிரேம், கிளப்பின் செக்ரட்டரி, உருளையை உடனே நிறுத்தினான். நேராக முன்னாலேயே கீழே வந்தார்கள். அவள் கால்தான் முதலில் தரையில் பட்டது, மேலே சாருடைய பாரம். கணுக்கால் உடைந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கேட்டதாக செல்வம்மாள் இன்றைக்கும் சொல்கிறாள்.

உயிருக்கு ஒன்றுமில்லை, கட்டுப் போட்டார்கள். ஆனால் கிளப்புக்குப் பயம் பிடித்துக்கொண்டது. விஷயம் வெளியே போனால் அனுமதி போய்விடும். அன்று சாயங்காலமே பிரேம் அவர்களுடைய வாட்சப்பில், பயணி பயத்தில் தானே பட்டையின் பக்கிளைக் கழற்றிவிட்டார், உதவியாளர் எல்லாம் சரிபார்த்திருந்தார் என்று போட்டுவிட்டான். வடிவேலு அதைப் பார்த்தான். இல்லை என்று சொல்லவில்லை.

வாட்சப்பில் போட்டது கரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் மீன் விற்கிற இடத்தில் அதே பேச்சு. "வானத்துல போயி தானே அவுத்துகினாளாமே?" "இன்னாத்த அவுத்தா, பெல்ட்டா பாவாடையா?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். செல்வம்மாளும் சேர்ந்துகொண்டாள். "நான் அன்னிக்கே சொன்னேன், கேட்டாளா?" என்று மருமகளைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். சுஜி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். என்னை நம்பிப் பெண் கொடுத்த அவள் அப்பனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

நாலு நாள் கழித்து வடிவேலு பார்க்க வந்தான். கையில் இளநீர். நானும் அங்கே இருந்தேன். சுஜி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை முக்காலிமேல் நீட்டியிருந்தாள். வாசலில் அவன் நிழல் விழுந்ததும் அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? காலைக் கீழே இறக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, எழுந்து நின்றாள். மாவுக்கட்டு தரையில் ஊன்ற, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வடிவேலு என்னைப் பார்த்தான். உட்காரச் சொல் என்று என்னிடம் சொல்ல வந்தவன், சொல்லவில்லை. நேராக அவளிடமே சொன்னான்.

"ஒக்காரும்மா."

"நீங்க நிக்கசொல்லோ எப்டி மாமா?"

"ஒக்காரு. எனக்காக நிக்காத." குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "நீ அவுக்கல. அது மாட்டவே இல்ல. நான் கை வெச்சி பாக்கல."

அவள் நாற்காலியில் விழுந்த மாதிரி உட்கார்ந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கும் தெரியும் மாமா. ஓடசொல்லோ பெல்ட்டு தொங்கிகினு முட்டில இடிச்சிது. கால்ல மாட்டலன்னு உங்களாண்ட எப்டி சொல்றதுன்னு... வெக்கமா பூட்ச்சி."

இரண்டு பேரும் ஒரே வெட்கத்தில் நின்றிருக்கிறார்கள், அதில் ஒரு கால் உடைந்திருக்கிறது. உள்ளேயிருந்து செல்வம்மாள், "யாருடி அது, மூத்தாரோடவா பேசிகினு கீற?" என்று குரல் கொடுத்தாள். வடிவேலு இளநீரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தச் சனிக்கிழமை பெரும்பாக்கம் பொட்டலில் கிளப் கூடியது. நடந்ததைப் பேசி முடிக்க அன்புவையும் வரச் சொல்லியிருந்தார்கள், துணைக்கு நான் போனேன். பிரேம் பேசிக்கொண்டிருக்கும்போதே வடிவேலு நடுவில் வந்து நின்றான்.

"சார், அந்தப் பொண்ணு ஒண்ணும் அவுக்கல. கால் பெல்ட்டு மாட்டவே இல்ல. நான் செக் பண்ணல."

"வடிவேலு, யோசிச்சுப் பேசு" என்றான் பிரேம்.

"அவனைப் பேச விடு" என்றார் சார். "ஏன் பண்ணல?"

வடிவேலு குனிந்து காலடியில் இருந்த புல்லைப் பார்த்தான். "தம்பி பொண்டாட்டி சார்."

"அதனால?"

"தம்பி பொண்டாட்டி சார். கால்ல எப்டி கை வெப்பேன்?"

நிகில் என்று ஒரு சின்ன வயதுக்காரன் சிரித்துவிட்டான். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்திருப்பான். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அப்போது ஷர்மிளா கேட்டாள், நாவலூரில் வேலை பார்க்கிற பெண், நன்றாகப் பறப்பாள்.

"எனக்கு எத்தனை தடவை இழுத்துப் பாத்திருக்கீங்கண்ணா. அப்ப நான் யாரு?"

"நீங்க மேடம்..."

"சரி, என்னையாவது கூப்பிட்டிருக்கலாம்ல? பக்கத்துலதானே நின்னேன்."

"கூப்ட்டா ஏன்னு கேப்பீங்க. கேட்டா இத்த சொல்லணும்ல மேடம்?"

ஷர்மிளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன்னைத் தொட்டபோது கூசாத கை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வடிவேலுவுக்கும் அது புரிந்துவிட்டது, காது மடல் வரைக்கும் கறுத்துப்போனான். ஷ்யாம்சுந்தர் சார் மட்டும், "பைலட் நான். என் பாசெஞ்சரை நான்தான் பாத்திருக்கணும். அவன் தட்டினா போதும்னு இருந்துட்டேன்" என்றார்.

அன்பு சொன்ன "கரீட்டா கீது" அந்தப் பேச்சில் வரவே இல்லை. அண்ணன் அதை வாயிலேயே எடுக்கவில்லை. தம்பி இரண்டு ஆள் தள்ளி நின்றிருந்தான், செல்போனைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு.

பிரேம் முதலில் போட்டதை அழித்துவிட்டு, அந்தப் பெண் மேல் தவறில்லை, சரிபார்க்காமல் விட்டது நாங்கள்தான் என்று வேறு எழுதினான். மழைக்காலம் முடிகிற வரைக்கும் பறப்பதில்லை என்று முடிவானது. வடிவேலுவுக்கு வேலை போகவில்லை. ஆனால் இனி அவன் யார் தலையிலும் தட்டக் கூடாது, பட்டை பார்ப்பது ஷர்மிளா.

வீட்டுக்கு வந்ததும் அன்பு குதித்தான். "சபைல நின்னுகினு எம் பொண்டாட்டி கால பத்தி பேசறான் பெரிம்மா! அத்தினி ஆம்பள கீறான் அங்க! மானம் போச்சி!"

"பெரியவன் இப்டி பண்ணிட்டானே" என்று செல்வம்மாளும் தலையில் அடித்துக்கொண்டாள்.

சுஜி நாற்காலியில் இருந்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "நானே அவுத்தேன்னு ஊரே சிரிச்சிகினு கீசொல்லோ உனுக்கு ரோசம் வர்ல. மாட்டலன்னு அவுரு சொன்னதுக்கா வர்து? உன்னியதான பாக்க சொன்னாரு. அத்த அவுரு அங்க சொன்னாரா?"

செல்வம்மாள் மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், அடுப்பு எரிகிறதா என்று பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு மீன் விற்கிற இடத்தில் அவள் மருமகள் பேச்சை எடுப்பதில்லை. அங்கே இப்போது பெரியவன் பேச்சுதான். "ஊரான் வூட்டுப் பொம்பளன்னா தொடுவானாம், தம்பி பொண்டாட்டின்னா வெக்கமாம்" என்று. அவன் காதிலும் விழுகிறது. தாண்டிப் போகிறான்.

அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோனது. சுஜி கட்டுப் பிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு சனிக்கிழமை, அன்பு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு பெரும்பாக்கம் போயிருக்கிறான். ஷர்மிளாதான் சுஜியைப் பார்க்க வந்தபோது சொன்னாள். போனவன் எல்லாரையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் ஓரமாக நின்றானாம். "என்ன அன்பு, ஏதாவது சொல்லணுமா?" என்று சார் கேட்டாராம். இவன் வாயைத் திறந்தானாம், மூடிக்கொண்டானாம். அங்கே வடிவேலு தனியாக றெக்கையை விரித்துக்கொண்டிருந்தான். காற்று ஒரு ஓரத்தைப் புரட்டிப் புரட்டிப் போட்டது. அன்பு போய் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. இருட்டுகிற வரைக்கும் இருந்துவிட்டு வந்தானாம்.

அடுத்த சனிக்கிழமையும் போயிருக்கிறான். அன்றைக்குப் பார்க்காமலே "கரீட்டா கீது" என்றதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.